பிறவி இதய நோயோடு பெரியவர் ஆவது

பிறக்கும் நூறு குழந்தைகளில் ஏறக்குறைய ஒன்றுக்கு இதயத்தின் அமைப்பில் ஏதோ ஒரு குறை இருக்கிறது. பலருக்கு அது தானாகவே மூடிக்கொள்ளும் சின்ன ஓட்டை. சிலருக்குப் பிறந்த முதல் வாரத்திலேயே அறுவை சிகிச்சை தேவைப்படும். 1944-இல் அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில் ஹெலன் டவுசிக், ஆல்ஃப்ரெட் பிளாலக், விவியன் தாமஸ் மூவரின் உழைப்பில், உடல் நீலம் பாரித்த ஒரு குழந்தைக்கு அறுவை சிகிச்சை நடந்தது. அதுவரை அப்படிப் பிறந்த குழந்தைகளுக்குச் செய்ய எதுவுமே இருக்கவில்லை. இன்று நல்ல சிகிச்சை கிடைக்கும் இடங்களில் பிறவி இதய நோயுள்ள குழந்தைகளில் மிகப் பெரும்பாலோர் வளர்ந்து பெரியவர்களாகிறார்கள். படிக்கிறார்கள், வேலைக்குப் போகிறார்கள், குடும்பம் நடத்துகிறார்கள்.

அந்தப் பெரியவர்களைப் பார்ப்பதுதான் என் வேலை. எனக்குள்ள பெரிய கவலை, அவர்களில் பலர் பதினாறு, பதினெட்டு வயதில் மருத்துவமனைப் பக்கமே வராமல் நின்றுவிடுவது. குழந்தை மருத்துவரிடம் போகும் வயது முடிந்துவிடும். பெரியவர்களுக்கான மருத்துவரிடம் யாரும் கைபிடித்து அழைத்துப் போவதில்லை. உடம்பும் நன்றாகத்தான் இருக்கும். பத்துப் பதினைந்து வருடம் கழித்து மயங்கி விழுந்தோ, மூச்சு வாங்கியோ, கர்ப்பமாகியோ வருவார்கள்.

"சின்ன வயசுலயே ஆபரேஷன் பண்ணியாச்சு டாக்டர், இனி ஒண்ணுமில்லைன்னு சொன்னாங்க" என்பது நான் அடிக்கடி கேட்கும் வாக்கியம். சிலருக்கு அது உண்மையும்கூட. மேலறைச் சுவரில் இருந்த ஓட்டையைச் சிறுவயதிலேயே மிச்சமில்லாமல் அடைத்துவிட்டார்கள், நுரையீரல் அழுத்தமும் சரியாக இருக்கிறது என்றால், மற்றவர்களைப் போலவே வாழலாம். எப்போதாவது ஒரு எக்கோ (ஒலி அலை மூலம் எடுக்கும் இதய ஸ்கேன்) போதும். ஆனால் எல்லோருக்கும் இதுவே பொருந்தும் என்று நினைப்பதுதான் ஆபத்து.

டெட்ராலஜி ஆஃப் ஃபாலோ என்ற குறையை எடுத்துக்கொள்வோம். நீலம் பாரிக்க வைக்கும் பிறவிக் குறைகளில் அதிகம் காண்பது இதுதான். கீழறைகளுக்கு நடுவே ஒரு ஓட்டை இருக்கும், நுரையீரலுக்கு இரத்தம் போகும் வழியும் குறுகியிருக்கும். அறுவை சிகிச்சையில் ஓட்டையை அடைத்து, குறுகிய வழியை அகலப்படுத்துவார்கள். அப்படி அகலப்படுத்தும்போது பல நேரம் அங்கிருக்கும் வால்வு வேலை செய்யாமல் போகும். உயிரைக் காப்பாற்ற அன்றைக்கு அது சரியான முடிவு. ஆனால் அதன்பின் ஒவ்வொரு துடிப்பிலும் கொஞ்சம் இரத்தம் வலது கீழறைக்கே திரும்பி வரும். குழந்தை ஓடும், விளையாடும், ஒன்றும் தெரியாது. வலது கீழறை மட்டும் வருடக்கணக்கில் மெதுவாகப் பெருத்துக்கொண்டே போகும். ஒரு எல்லையைத் தாண்டிப் பெருத்துவிட்டால், பிறகு புது வால்வு வைத்தாலும் அது பழைய அளவுக்குத் திரும்பாமல் போகலாம். ஆபத்தான துடிப்புக் கோளாறுகளும் அங்கிருந்துதான் தொடங்கும். ஆகவே வால்வு வைக்க வேண்டிய நேரத்தை எம்ஆர்ஐயில் அளந்து பார்த்து முடிவு செய்கிறோம். அறிகுறி வரட்டும் என்று காத்திருந்தால் தாமதமாகிவிடும். 2000-ஆம் ஆண்டிலிருந்து, பொருத்தமானவர்களுக்கு மார்பைத் திறக்காமல் தொடையிலுள்ள இரத்தக் குழாய் வழியாகவே இந்த வால்வை வைக்க முடிகிறது. ஆனால் ஆள் வந்தால்தானே செய்ய முடியும்?

அறிகுறியை நம்ப முடியாததற்கு இன்னொரு காரணமும் உண்டு. நாற்பது வயதில் மாரடைப்பு வந்தவருக்கு முன்பு எப்படி இருந்தோம் என்பது தெரியும். பிறவியிலேயே இதயக் குறையோடு வந்தவருக்கு அந்த 'முன்பு' கிடையாது. "மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குதா?" என்று கேட்டால் இல்லை என்பார். அவரையே டிரெட்மில்லில் ஏற்றினால், அவர் வயதுக்காரர்கள் செய்வதில் பாதிகூட முடியாது. பொய் சொல்லவில்லை, நடுவில் நின்று நின்று ஏறுவதே அவருக்கு இயல்பாகிவிட்டது. நான் பதிலைவிட அந்தப் பரிசோதனையைத்தான் நம்புகிறேன்.

கல்லூரியில் படிக்கும் பையன் ஒருவன் அம்மாவோடு வந்திருந்தான். "தம்பி, உனக்கு என்ன ஆபரேஷன் செய்தார்கள்?" என்றேன். சட்டைப் பொத்தானுக்குப் பின்னால் இருந்த தழும்பைத் தொட்டுக்கொண்டே அம்மாவைப் பார்த்தான். அம்மா நோயின் பெயர், அறுவை நடந்த மாதம், மாத்திரையின் அளவு எல்லாவற்றையும் ஒப்பித்தார். அத்தனை வருடமாக அந்தச் சுமை முழுவதும் அவர் தலையில்தான். அடுத்த மாதம் பையன் வேலைக்காக வெளியூரில் தனியாகத் தங்கப் போகிறான். இரவில் படபடப்பு வந்து அவசரப் பிரிவுக்குப் போனால், அவன் மருத்துவரிடம் என்ன சொல்வான்?

பெற்றோர்களே, பன்னிரண்டு வயதிலிருந்தே கொஞ்சம் கொஞ்சமாகப் பிள்ளையிடம் ஒப்படையுங்கள். நோயின் பெயரை அவர்களே சொல்லட்டும். மாத்திரையை அவர்களே எடுத்து வைக்கட்டும். டாக்டரின் கேள்விக்கு அவர்களே பதில் சொல்லட்டும், தப்பாகச் சொன்னால் பிறகு திருத்திக்கொள்ளலாம். அறுவை சிகிச்சைக் குறிப்பும் கடைசி எக்கோ அறிக்கையும் அவர்கள் ஃபோனில் இருக்க வேண்டும். நானும் இந்த வயதுப் பிள்ளைகளிடம் கொஞ்ச நேரம் தனியாகப் பேசுவேன். காதல், குடி, சிகரெட், பச்சை குத்துவது, "நான் சீக்கிரம் செத்துடுவேனா?" என்ற பயம், எல்லாம் அப்போதுதான் வெளியே வரும். அந்தப் பயத்தோடு வருடக்கணக்கில் தனியாக இருந்தவர்கள் உண்டு. மனச்சோர்வும் பதற்றமும் இவர்களிடம் அதிகம், அதற்கும் சிகிச்சை உண்டு.

பெண்களுக்கு ஒரு வார்த்தை. கர்ப்பத்தைப் பற்றிப் பேச வேண்டிய நேரம் கர்ப்பமாவதற்கு முன்பு. பெரும்பாலோர் நல்லபடியாகப் பிள்ளை பெற்றுக்கொள்ளலாம். ஆனால் ஐசன்மெங்கர் போல நுரையீரல் அழுத்தம் மிக அதிகமாக உள்ள நிலையில் கர்ப்பம் தாயின் உயிருக்கே ஆபத்து. இரத்தம் உறையாமல் இருக்கத் தரும் வார்ஃபரினும் சில ரத்தக் கொதிப்பு மாத்திரைகளும் கருவைப் பாதிக்கும், அவற்றை முன்கூட்டியே மாற்றத் திட்டமிட வேண்டும். நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். ஈஸ்ட்ரோஜன் உள்ள கருத்தடை மாத்திரையும் சிலருக்குக் கூடாது, இரத்தம் குழாய்க்குள் உறையக்கூடும்.

பல்லைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. ஈறிலிருந்து கிளம்பும் கிருமி செயற்கை வால்விலோ, ஓட்டையை அடைத்த பிறகும் கசிவு மிச்சமுள்ள ஒட்டிலோ போய்க் குடியேறலாம். செயற்கை வால்வு உள்ளவர்கள் போன்ற சிலருக்குப் பல் பிடுங்கும் முன் ஒரு வேளை ஆன்டிபயாடிக் தேவை. உங்களுக்குத் தேவையா என்று கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். தினமும் நன்றாகப் பல் துலக்குவது எல்லோருக்கும் தேவை. அதைவிட முக்கியம், காரணம் தெரியாத காய்ச்சல் விடாமல் நீடித்தால், ஆன்டிபயாடிக் தொடங்கும் முன்பே இரத்தக் கல்ச்சர் (இரத்தத்தில் கிருமி இருக்கிறதா என்று பார்க்கும் பரிசோதனை) எடுக்கச் சொல்லுங்கள். முதலில் மாத்திரை, பிறகு கல்ச்சர் என்றால் கிருமி பிடிபடாமல் போகலாம், நோய் உள்ளே வளரும்.

உடற்பயிற்சியைப் பொறுத்தவரை, பிள்ளையை மைதானத்தின் ஓரத்தில் உட்கார வைத்தே வளர்ப்பது பெரும்பாலோருக்குத் தேவையில்லை. நடை, நீச்சல், சைக்கிள் நல்லது. பெருநாடி (இதயத்திலிருந்து உடம்புக்கு இரத்தம் கொண்டுபோகும் பெரிய குழாய்) விரிந்திருப்பவர்கள் அதிக எடை தூக்கக் கூடாது, துடிப்புக் கோளாறு உள்ளவர்களுக்கும் தனி விதிகள் உண்டு. அளவைப் பரிசோதித்துச் சொல்லிவிடலாம்.

பல வருடம் வராமல் இருந்துவிட்டீர்களா? பழைய காகிதம் எதுவும் இல்லையா? பரவாயில்லை, வாருங்கள். தழும்பு இருக்கும் இடம், ஈசிஜி, எக்கோ, தேவைப்பட்டால் எம்ஆர்ஐ, இவற்றை வைத்தே என்ன அறுவை நடந்திருக்கும் என்று பெரும்பாலும் கண்டுபிடித்துவிட முடியும். பிறவி இதய நோயுள்ள பெரியவர்களைப் பார்க்கும் மருத்துவர் யார் என்று மட்டும் விசாரித்துவிட்டு வாருங்கள், ஏனென்றால் மாரடைப்புக்குப் பார்க்கும் எல்லோருக்கும் இந்த இதயங்களோடு பழக்கம் இருக்காது.