வரைபடத்தின் ஓரத்தில் இருக்கும் ஆண்டு

கனடாவின் யூகானில், பீல் ஆற்றுப் பக்கம் துடுப்புப்படகில் போகக் கிளம்புகிறவர்கள் வரைபடம் தயாரிக்கும் என்னிடம் முதலில் கேட்பது, எந்தச் செயலி நல்லது என்பதைத்தான். அதற்குள் இருக்கும் வரைபடம் எந்த ஆண்டு வான்படத்தைப் பார்த்து வரைந்தது என்று நான் திருப்பிக் கேட்டால், பெரும்பாலும் பதில் வராது.

ஏறக்குறைய 70,000 சதுர கிலோமீட்டர் நீர்ப்பிடிப்புப் பகுதி. மேற்கு ஓரமாகப் போகும் டெம்ஸ்டர் நெடுஞ்சாலையை விட்டால் வேறு சாலை கிடையாது. 1:50,000 அளவுகோல் வரைபடத் தாள்களில் பல, பல பத்தாண்டுகளுக்கு முந்தைய வான்படங்களைக் கொண்டு வரைந்தவை. அச்சான ஆண்டும் படமெடுத்த ஆண்டும் வேறு வேறு. இதற்கிடையில் நிரந்தர உறைநிலம் உருகிக் கரைகள் சரிகின்றன. 2015-இல் ஃபோர்ட் மெக்ஃபெர்சன் அருகே அப்படிக் கரை சரிந்து, ஓர் ஏரியின் தண்ணீர் அருவியாகக் கொட்டியது. பழைய தாளில் அந்த ஏரி நீல நிறத்தில் அப்படியேதான் இருக்கும்.

அதைவிட எனக்குக் கவலை தருவது சமவுயரக் கோடுகள், அதாவது ஒரே உயரத்தில் உள்ள இடங்களை இணைக்கும் கோடுகள். இரண்டு கோடுகளுக்கு நடுவே 40 மீட்டர் உயரம் என்று வையுங்கள். ஆறு ஒரு கோட்டைக் கடந்து எட்டு கிலோமீட்டர் தள்ளி அடுத்ததைக் கடக்கிறது. கிலோமீட்டருக்கு ஐந்து மீட்டர் இறக்கம், பரவாயில்லை என்று தோன்றும். ஆனால் அதில் பாதி இறக்கம் ஒரே பாறைத் தொண்டையில் இருந்தாலும் கோடுகள் இதே இடத்தில்தான் விழும்.

சரி, செயற்கைக்கோள் உயரத் தரவு இருக்கிறதே என்பார்கள். ஆர்க்டிக்டெம் என்ற அப்படிப்பட்ட தரவு, இரண்டு மீட்டருக்கு ஒரு புள்ளி என்ற அளவில், இலவசமாகவே கிடைக்கிறது. நானும் தினமும் பயன்படுத்துகிறேன். ஆனால் அது மர உச்சியையும் தரையாகவே எண்ணும். நீர்ப்பரப்பில் மதிப்புகள் தாறுமாறாகக் குதிக்கும், அதாவது நமக்கு வேண்டிய இடத்திலேயே. அதன் உயரங்கள் கடல்மட்டத்திலிருந்து அளந்தவையும் அல்ல. பழைய தாளோடு நேரடியாக ஒப்பிட முடியாது.

ஓடை தவறினால் என்ன ஆகும் என்பதற்கு இங்கேயே வரலாறு உண்டு. 1910 டிசம்பரில் ஃபோர்ட் மெக்ஃபெர்சனிலிருந்து டாசனுக்குக் கிளம்பிய குதிரைப்படைக் காவல் குழுவின் வழிகாட்டிக்கு, ஃபாரஸ்ட் ஓடையின் முகப்பு பிடிபடவில்லை. அந்தப் பாதையில் அவர் முன்பு எதிர்த்திசையில்தான் வந்திருந்தார். நால்வரும் திரும்பும் வழியில் இறந்தார்கள்.

திசைகாட்டியை நம்புகிறவர்களுக்கு ஒன்று: பழைய தாளில் காந்த விலகல், அதாவது திசைகாட்டி காட்டும் வடக்குக்கும் உண்மையான வடக்குக்கும் உள்ள கோணம், 30 டிகிரிக்கு மேல் போட்டிருக்கும், இப்போது 20-ஐ ஒட்டி. பத்து டிகிரி பிசகினால், ஒரு கிலோமீட்டர் நடப்பதற்குள் 170 மீட்டருக்கு மேல் தள்ளிப் போய்விடுவீர்கள். கிளம்பும் வாரத்தில் இன்றைய மதிப்பைப் பார்த்துத் தாளிலேயே பேனாவால் எழுதிக்கொள்ளுங்கள்.