ஒப்புரவு: ‘பிலாந்த்ரபி’க்கு நம்மிடம் உள்ள சொல்

எங்கள் ஊர் மாதர் சங்கத்துக்குக் கொழும்பிலிருந்து ஓர் அழைப்பு வந்திருந்தது. பெண்கள் முன்னின்று செய்யும் ‘பிலாந்த்ரபி’ (philanthropy) பற்றியும் சமூகப் புத்தாக்கம் பற்றியும் பேச இரண்டு பேரை அனுப்பும்படி கேட்டிருந்தார்கள். ஆங்கிலக் கடிதத்தைத் தமிழாக்கும் வேலை என்னிடம் வந்தது. முதலில் ‘பெண் பரோபகாரிகள்’ என்று எழுதினேன். தலைவி அக்கா அதை வாசித்துவிட்டுக் கேட்டார்: “நாங்கள் ஆருக்குத் தங்கச்சி உபகாரம் செய்யிறம்? எங்கட ஊருக்குத்தானே செய்யிறம்.”

அக்கா பிடித்த இடம் சரியான இடம். பர + உபகாரம் என்பதுதான் பரோபகாரம். ‘பர’ என்றால் பிறர், அயலார். ஊர்ப் பிள்ளைகளுக்கு மாலை வகுப்பு நடத்துகிறவரிடம் ‘நீங்கள் பிறருக்கு உதவுகிறீர்கள்’ என்று சொன்னால் அது அவருக்கு ஒட்டாது. அன்றிலிருந்து ‘பிலாந்த்ரபி’க்குப் பொருந்தும் தமிழ்ச் சொல்லைத் தேடித் திரிந்தேன்.

ஆங்கிலச் சொல்லின் வேர் கிரேக்கம். ‘பிலோஸ்’ என்பது அன்பு கொண்ட என்றும், ‘அந்த்ரோபோஸ்’ என்பது மனிதர் என்றும் பொருள்படும். இரண்டும் சேர்ந்தால் மனிதர் மேல் அன்பு. இந்தச் சொல் வரும் மிகப் பழைய இடங்களில் ஒன்று கிமு 5ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த கிரேக்க நாடகம் ஒன்றில் இருக்கிறது. தேவர்களின் நெருப்பைத் திருடி மனிதருக்குக் கொடுத்த புரொமீதியசின் இயல்பை அங்கே இந்தச் சொல்லால் குறிக்கிறார்கள். அந்தப் பழைய இடத்தில் இது பணக்காரரின் குணமாக இல்லை. தண்டனை வரும் என்று தெரிந்தும் மனிதர் பக்கம் நின்ற ஒருவனின் குணமாக இருந்தது. பெரும் செல்வர்கள் அறக்கட்டளை அமைத்துப் பணம் வழங்குவது என்ற பொருள் பிற்காலத்தில் ஏறியது. இன்று அந்தச் சொல்லைக் கேட்டதும் நமக்குக் காசோலைதான் ஞாபகம் வருகிறது.

இந்தப் புதுப்பொருளோடு வந்த வேலைகளையும் யாழ்ப்பாணத்தில் பெண்கள்தான் நிறையச் செய்தார்கள். 1824இல் உடுவிலில் பெண்பிள்ளைகளுக்கு விடுதிப் பள்ளி தொடங்கிய அமெரிக்க மிஷனைச் சேர்ந்தவர் ஹரியற் வின்ஸ்லோ. அதே நூற்றாண்டின் பிற்பகுதியில் மேரி, மார்கரெட் லீச் என்ற சகோதரிகள் பிரித்தானியாவிலும் அமெரிக்காவிலும் மேடை மேடையாகப் பேசி, இங்குள்ள பெண்களின் மருத்துவத்துக்காகப் பணம் திரட்டினார்கள். இணுவிலில் உள்ள மக்கிளவுட் வைத்தியசாலை அந்த முயற்சியில் எழுந்தது.

சரி, தமிழில் என்ன சொல்லலாம்? தருமம் என்றால் இப்போது கோயில் வாசலில் நீட்டிய கையில் விழும் சில்லறை என்ற அளவுக்குச் சுருங்கிவிட்டது. நன்கொடை கொடுத்த பொருளைக் குறிக்கும், கொடுக்கும் மனத்தைக் குறிக்காது. உபயம் கோயிலோடு நின்றுவிடுகிறது. வள்ளன்மை என்றால் உடனே பாரி, பேகன், ஓரி, காரி என்று ஏழு பேர் வரிசையில் வருவார்கள், ஏழு பேரும் ஆண்கள், ஏழு பேரும் நிலம் ஆண்டவர்கள். வள்ளலுக்குப் பெண்பாற் சொல் நம் வாயில் வழங்கவில்லை.

ஈகையும் கொடையும் இன்னும் ஆழமாகப் பார்க்க வேண்டியவை. ஈ, தா, கொடு என்ற மூன்றும் கேட்கும்போது சொல்லும் சொற்கள் என்றும், தாழ்ந்தவர் உயர்ந்தவரிடம் ‘ஈ’ என்றும், ஒத்தவர் ‘தா’ என்றும், உயர்ந்தவர் தாழ்ந்தவரிடம் ‘கொடு’ என்றும் கேட்பர் என்றும் தொல்காப்பியம் சொல்கிறது. ஆக, ஈகை என்ற சொல்லுக்குள் ஒரு மேடும் ஒரு பள்ளமும் இருக்கின்றன. திருக்குறளின் 23ஆம் அதிகாரம் ஈகை, அதன் முதற் குறளே வறியவர்க்குக் கொடுப்பதுதான் ஈகை, மற்றதெல்லாம் ‘குறியெதிர்ப்பை’ என்கிறது. குறியெதிர்ப்பை என்பது அளந்து கொடுத்து, அதே அளவில் திரும்ப வாங்கும் கடன். வடக்கில் நுண்கடன் கம்பனிகள் ‘பெண்களுக்கு வலுவூட்டல்’ என்று சொல்லிக்கொண்டு படலை படலையாக ஏறி இறங்கிய காலத்தில் இந்தச் சொல் எனக்கு அடிக்கடி நினைவு வந்தது. அது குறியெதிர்ப்பை கூட இல்லை, வாங்கிய அளவை விடக் கூடுதலாகத் திருப்பச் சொன்ன கடன். கடைசியில் 2018இல் வறட்சி பாதித்த மாவட்டங்களில் பெண்கள் பெற்ற நுண்கடன்களில் ஒரு பகுதியைத் தள்ளுபடி செய்ய அரசாங்கமே முன்வர வேண்டியதாயிற்று.

ஈகைக்கு முன்னால் நிற்கும் 22ஆம் அதிகாரம் ஒப்புரவறிதல். அங்கேதான் எனக்குத் தேவையான சொல் கிடைத்தது. ஒ என்ற அடியில் பிறந்தவை ஒத்தல், ஒப்பு, ஒப்பம். ஒப்புரவு என்றால் தன்னோடு ஒத்தவர்களாக ஊரை அறிந்து, ஊருக்குச் செய்ய வேண்டியதைச் செய்வது. கைம்மாறு வேண்டாத கடமை என்று அதிகாரம் தொடங்குகிறது. பிறகு அறிவுடையவரின் செல்வத்தை நீர் நிறைந்த ஊருணிக்கும், பண்புடையவரின் செல்வத்தை ஊருக்குள் பழுத்த மரத்துக்கும் ஒப்பிடுகிறது. இரண்டிலும் கொடுப்பவர் ஊருக்கு நடுவே இருக்கிறார். ஊருணியில் யாரும் கையேந்தி நிற்பதில்லை, குடத்தை எடுத்துப் போய் அள்ளி வருகிறார்கள்.

நம் பெண்கள் செய்துவந்தது பெரும்பாலும் இதுதான். உலையில் அரிசி போடும் முன் ஒரு பிடியைப் புறம்பாக ஒரு முட்டியில் போட்டு, சேர்ந்ததைக் கோயிலுக்கோ பள்ளிக்கூடத்துக்கோ கொடுப்பது பிடியரிசி. வீட்டில் எவ்வளவு தட்டுப்பாடு இருந்தாலும் அந்த ஒரு பிடி மட்டும் பெண்ணின் முடிவில் இருந்தது. சீட்டும் அப்படித்தான். முதற் சீட்டை யாருக்கு விடுவது என்று எங்கள் சங்கத்தில் பேசும்போது, யாருடைய கூரை ஒழுகுகிறது என்பதுதான் முதலில் வரும். பங்கு போட்டவர்கள் எல்லாரும் ஒத்தவர்கள், இன்று எடுப்பவர் நாளை கட்டுகிறவர்.

ஆனால் கல்லில் யாருடைய பெயர் இருக்கிறது? இதைச் சொல்லாமல் போனால் சொல் விளக்கம் முழுமையாகாது. பழைய தெருக்களில் மடம், கேணி, மாடுகள் உடம்பை உரசிக்கொள்ளும் ஆவுரஞ்சிக்கல், சுமைதாங்கி என்று தருமங்கள் சேர்ந்து நிற்கும். பருத்தித்துறையில் தெருவுக்கு மேலேயே கூரை போட்ட தெருமூடிமடம் இன்னும் இருக்கிறது. சுமைதாங்கி, கருவோடு இறந்த பெண்ணின் நினைவாக நாட்டும் கல். இறக்கி வைக்க முடியாத சுமையோடு போனவள் பெயரில், வழிப்போக்கர் தலைச்சுமையை இறக்கி வைக்க ஓர் இடம். எத்தனை பெரிய எண்ணம்! இருந்தாலும் அங்கே பெண் நினைக்கப்படுகிறவள்தான். இன்றைய ஞாபகார்த்த மண்டபங்களிலும் ‘இன்னாரின் பாரியார் நினைவாக’ என்ற எழுத்தைத்தான் நிறையப் பார்க்கிறேன்.

இதற்குச் சட்டத்திலும் ஒரு காரணம் உண்டு. ஒல்லாந்தர் (டச்சுக்காரர்) காலத்தில் தொகுத்த, யாழ்ப்பாணத் தமிழரின் வழக்குச் சட்டமான தேசவழமையின்படி சீதனம் பெண்ணின் சொத்து. காணி அவள் பெயரில் இருக்கும், காணி உறுதிப் பத்திரமும் அவள் பெயரில் இருக்கும். ஆனால் 1911ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டத்தின்படி, மணமான பெண் தன் அசையாச் சொத்தை விற்கவோ நன்கொடையாக எழுதவோ கணவனின் எழுத்துமூலச் சம்மதம் வேண்டும். அவன் மறுத்தால் மாவட்ட நீதிமன்றத்துக்குப் போகலாம். சொந்தக் காணியில் இரண்டு பரப்பை வாசிகசாலைக்குத் தருமசாதனமாக (அறக்கொடைப் பத்திரமாக) எழுத நினைக்கும் பெண்ணுக்கும் இன்னொருவரின் கையொப்பம் தேவை. கையொப்பத்தில் இருக்கும் ஒப்பும் ஒப்புரவில் இருக்கும் ஒப்பும் ஒன்றே, அதனால்தான் இந்தச் சட்டம் எனக்கு இவ்வளவு உறுத்துகிறது. புறநானூற்றில் பெருஞ்சித்திரனார், குமணன் தந்த செல்வத்தை வீட்டுக்குக் கொண்டுவந்து மனைவியிடம் வேறு விதமாகச் சொல்கிறார்: இன்னாருக்கு என்று பார்க்காதே, என்னையும் கேட்காதே, எல்லாருக்கும் கொடு. ‘என்னொடும் சூழாது’ என்பது அவர் வாக்கு.

கேட்காமல் கொடுத்தவளாக நம் இலக்கியத்தில் நிற்பவள் மணிமேகலை. அவளுக்கு அமுதசுரபி கிடைத்த மணிபல்லவம் நம் நயினாதீவுதான் என்று கொள்வோர் பலர். நாகபூசணி அம்மன் கோயிலின் அன்னதான மண்டபத்துக்கும் அமுதசுரபி என்றே பெயர். எல்லாரும் அந்தப் பாத்திரத்தைப் பேசுகிறார்கள். எனக்கு அதைவிடப் பெரிதாகத் தெரிவது அடுத்து அவள் செய்தது: சிறைக்கூடத்தைச் சோறு கிடைக்கும் அறக்கோட்டமாக மாற்றும்படி அரசனைக் கேட்டு, மாற்றியும் விட்டாள். சமூகப் புத்தாக்கத்துக்கு உதாரணம் கேட்டால் நான் இதைத்தான் சொல்வேன். இருக்கும் கட்டடமே, அதன் வேலை மட்டும் வேறு.

நம் காலத்தில் அப்படிச் செய்தவர் சிவத்தமிழ்ச்செல்வி தங்கம்மா அப்பாக்குட்டி. 1925இல் பிறந்தவர், ஆசிரியை, பிரசங்கி. 1977இல் தெல்லிப்பழை துர்க்கை அம்மன் தேவஸ்தானத்தின் தலைவரானார். கோயில் நிர்வாகம் ஆண்களின் வேலை என்று இருந்த ஊரில் ஒரு பெண் அந்த இடத்துக்கு வந்தார். வந்தவர், ஆதரவற்ற பெண்பிள்ளைகள் தங்கிப் படிக்கத் துர்க்காபுரம் மகளிர் இல்லத்தை எழுப்பினார். 2008இல் மறையும் வரை அந்தப் பிள்ளைகளுக்கு அவர் அம்மா. அம்மனுக்கு வந்த காணிக்கை பிள்ளைகளின் சாப்பாடாகவும் படிப்பாகவும் மாறியது.

ஒப்புரவு என்று எழுதி அக்காவிடம் கொடுத்தேன். சங்கத்தில் கத்தோலிக்க அக்கா ஒருவர் இருக்கிறார். “இது எங்கட பாவசங்கீர்த்தனச் சொல் எல்லோ?” என்று கேட்டார். பாவங்களை அறிக்கையிட்டு மன்னிப்புப் பெறுவதுதான் பாவசங்கீர்த்தனம். உண்மைதான், தேவாலயத்தில் ஒப்புரவு என்றால் பகை தீர்ந்து மீண்டும் ஒன்றாவது. அதையும் குறளையும் சேர்த்துச் சொன்னபோது, போருக்குப் பிறகு இந்த ஊருக்கு இரண்டு பொருளும் வேண்டும் என்றார் அவர். செய்பவருக்கு ஒப்புரவாளர் என்று வைத்துக்கொண்டோம், ஆணுக்கும் பெண்ணுக்கும் அது பொருந்தும். ‘ஒப்புரவில் முன்நிற்கும் பெண்கள்’ என்ற தலைப்போடு கடிதம் போய்விட்டது. கொழும்புக்கு யார் போவது என்பதை வெள்ளிக்கிழமை சீட்டுக் கூட்டத்தில் தீர்மானிப்பார்கள்.