செக்ஃபால்ட் விழும் இடம் வேறு, பிழை இருக்கும் இடம் வேறு

பைத்தான் மட்டும் எழுதுகிறவரைக்கும் பிழை வந்தால் கூடவே ஒரு ட்ரேஸ்பேக்கும் வரும். எந்தக் கோப்பு, எந்த வரி என்று அதுவே சொல்லிவிடும். சி நூலகத்தைப் பைத்தானோடு இணைக்கும் பைண்டிங்கில் கை வைத்ததும் அந்தச் சொகுசு போய்விடுகிறது. ‘செக்மென்டேஷன் ஃபால்ட்’ (சுருக்கமாகச் செக்ஃபால்ட்; தொடக் கூடாத நினைவக முகவரியைத் தொட்டால் வருவது) என்று ஒற்றை வரி வரும், நிரல் அங்கேயே காலி. சரி, எங்கே விழுந்தது என்று தோண்டிப் பார்த்தால், சாதாரணமாக ஒரு லிஸ்ட்டை உருவாக்கும் வரியாக இருக்கும். அதில் ஒரு தப்பும் இருக்காது. அந்த வரியைத் திருத்த உட்காருவது எய்தவன் இருக்க அம்பை நோகிற வேலை.

இந்த இடைவெளி எப்படி உண்டாகிறது? 512 பைட் வரையிலான சிறிய நினைவகக் கோரிக்கைகளுக்குச் சிபைத்தான் (நாம் வழக்கமாகப் பயன்படுத்தும் பைத்தான்) ஒவ்வொரு முறையும் இயங்குதளத்திடம் போய் நிற்பதில்லை. பைமால்லாக் என்ற அதன் சொந்த ஒதுக்கீட்டு முறை பெரிய துண்டாக நினைவகத்தை வாங்கி, அதைச் சின்னச் சின்ன பிளாக்குகளாக வெட்டிக் கொடுக்கிறது. ஒரு பிளாக்கை விடுவித்தாலும் அந்த முகவரி பெரும்பாலும் நிரலின் கையிலேயே இருக்கும். அதனால் விடுவித்த இடத்தைச் சி நூலகம் மறுபடி படித்தாலும் உடனே எதுவும் ஆகாது. பல நேரம் பழைய மதிப்பே பத்திரமாகக் கிடைக்கும். எழுதினால்தான் வினை. விடுவிக்கப்பட்ட பிளாக்கின் முதல் சில பைட்டுகளில்தான் ‘அடுத்த காலி பிளாக் இங்கே’ என்ற முகவரியைப் பைமால்லாக் குறித்து வைத்திருக்கிறது. அதன்மேல் எழுதிவிட்டால் அந்தச் சங்கிலி கெட்டுப்போகும். அப்புறம் எப்போதோ, அதே அளவில் இடம் கேட்கும் ஏதோ ஒரு அப்பாவி வரி குப்பை முகவரியைப் பெற்றுக்கொண்டு செத்துவிழும்.

சி ஃபங்ஷன்களைப் பைத்தானிலிருந்து நேரடியாகக் கூப்பிட உதவும் சிடைப்ஸ் மாட்யூலைப் பயன்படுத்துகிறவர்களுக்கு இன்னொரு பொறி இருக்கிறது. ஒரு சி ஃபங்ஷன் என்ன திருப்பித் தரும் என்று ரெஸ்டைப்பில் நாம் சொல்லாவிட்டால், அது இன்ட், அதாவது சியின் சாதாரண முழு எண் என்றே சிடைப்ஸ் எடுத்துக்கொள்ளும். வழக்கமான கணினிகளில் இன்ட் 32 பிட், நினைவக முகவரியைத் தாங்கும் பாயின்டர் 64 பிட். நூலகம் 139637976731648 என்ற முகவரியைத் தருகிறது என்று வையுங்கள். அதன் கீழ் 32 பிட்டை மட்டும் வைத்துக்கொண்டு மீதியை வெட்டினால் மிஞ்சுவது 4096. எச்சரிக்கை ஏதும் வராது. அந்த 4096-ஐ அடுத்த ஃபங்ஷனுக்குக் கொடுத்ததும் நிரல் விழும்.

இதில் எரிச்சல் என்னவென்றால், சில கணினிகளில் இதே நிரல் ஒழுங்காக ஓடும். லினக்ஸில் பைத்தான் நிலையான முகவரியில் ஏறும்படி கம்பைல் ஆகியிருந்தால், ஹீப் (நிரல் ஓடும்போது இடம் வாங்கும் நினைவகப் பகுதி) தாழ்ந்த முகவரிகளில் தொடங்கும்; அங்கிருந்து வரும் பாயின்டர் 32 பிட்டுக்குள் அடங்கிவிடுவதால் வெட்டினாலும் சேதமில்லை. பெரிய பஃபர்களை மட்டும் சியின் நினைவக ஒதுக்கீட்டு ஃபங்ஷனான மால்லாக் வேறு பகுதியிலிருந்து, உயர்ந்த முகவரியில் எடுத்துத் தரும். ஆக, சின்ன டேட்டாவில் டெஸ்ட் எல்லாம் பாஸ், பெரிய டேட்டாவில் கிராஷ். நூலகத்தில்தான் கோளாறு என்று சத்தியம் செய்யத் தோன்றும்.

ரெஸ்டைப்பை வாய்ட் பாயின்டராக (எந்த வகை டேட்டா என்று சொல்லாத வெறும் முகவரி) மாற்றினாலும் வேலை பாதிதான் முடிகிறது. அப்படி வரும் முகவரியைச் சிடைப்ஸ் சாதாரணப் பைத்தான் எண்ணாக மாற்றிக் கொடுக்கும். அதை வேறொரு ஃபங்ஷனுக்கு அனுப்பும்போது ஆர்க்டைப்ஸில் அதன் உள்ளீடுகளின் வகையைச் சொல்லவில்லை என்றால் அது மறுபடி இன்ட்டாக வெட்டப்படும். அதனால் இரண்டையும் எல்லா ஃபங்ஷனுக்கும் எழுதிவிடுவதே நல்லது. இதில் சோம்பலுக்கு இடமே இல்லை.

அடுத்த வகை, ஆயுள் பற்றியது. ஒரு பைத்தான் ஃபங்ஷனைக் கால்பேக்காக (பிறகு நூலகமே கூப்பிடும் ஃபங்ஷனாக) சிடைப்ஸ் ஆப்ஜெக்டில் சுற்றிச் சி நூலகத்திடம் கொடுக்கிறோம். நூலகம் அதன் முகவரியை மட்டும்தான் குறித்துக்கொள்கிறது. ஒரு ஆப்ஜெக்டை எத்தனை இடங்கள் பிடித்திருக்கின்றன என்று எண்ணும் பைத்தானின் ரெஃபரன்ஸ் கவுண்ட் பற்றி அதற்கு ஒன்றும் தெரியாது. அந்தச் சுற்றிய ஆப்ஜெக்டைப் பைத்தான் பக்கம் யாரும் பிடித்திராவிட்டால், பதிவு செய்யும் வரி முடிந்ததும் கவுண்ட் பூஜ்யமாகி அது அழிந்துவிடும். நூலகம் அதைக் கூப்பிடும்போதுதான் விஷயம் தெரியவரும். நம்பை (எண் கணக்குகளுக்கான பைத்தான் நூலகம்) அணியின் தற்காலிக நகலிலிருந்து முகவரியை எடுத்து அனுப்பினாலும் இதே கதை. இப்படி ஒன்று இருக்கிறது என்று சந்தேகம் வந்தால், நூலகம் கால்பேக்கைக் கூப்பிடுவதற்குச் சற்று முன்பு தேவையற்ற ஆப்ஜெக்டுகளை அழிக்கும் கார்பேஜ் கலெக்டரைக் கையால் ஓடவிட்டு, அதே அளவில் நிறைய ஆப்ஜெக்டுகளை உருவாக்கிப் பாருங்கள். எப்போதாவது விழுந்தது இப்போது அடிக்கடி விழும். இந்த வேட்டையில் அடிக்கடி விழுவது நல்ல செய்தி.

கருவிகள் செய்வதும் அதையேதான்: கிராஷைப் பிழைக்குப் பக்கத்தில் இழுத்து வருகின்றன. பைத்தான் 3.3-இல் வந்த ஃபால்ட்ஹேண்ட்லரை முதலில் போட்டுவிடுங்கள். விழும் நேரத்தில் பைத்தான் எந்த வரியில் இருந்தது என்றாவது தெரியும். அடுத்தது பைத்தான்மால்லாக் என்ற சூழல் மாறி. அதற்கு ‘டீபக்’ என்று மதிப்புக் கொடுத்தால், பைத்தான் வழியாக விடுவித்த ஒவ்வொரு பைட்டிலும் 221 நிரப்பப்படும். பிளாக்கின் இரு ஓரங்களிலும் காவலுக்கு 253 வைக்கப்படும். (3.8-க்கு முந்தைய பதிப்புகளில் இந்த எண்கள் வேறு.) டீபக்கரில் ஒரு பாயின்டர் முழுக்க 221-ஆக, அதாவது பதினாறடிமான எழுத்தில் ‘டிடி டிடி டிடி’ என்று வரிசையாகத் தெரிந்தால், அழிந்த ஆப்ஜெக்டைத் தொட்டிருக்கிறீர்கள் என்று கிட்டத்தட்ட உறுதி. பஃபரின் எல்லை தாண்டி எழுதியிருந்தால், அதை விடுவிக்கும்போது காவல் பைட் கலைந்திருப்பதைப் பைத்தானே கண்டுபிடித்து நிறுத்திவிடும்.

நூலகம் தன் சொந்த மால்லாக்கில் வாங்கிய நினைவகத்துக்கு இந்தக் காவல் கிடையாது. அங்கே நினைவகப் பிழைகளைப் பிடிக்கும் கருவிகளான வால்கிரைண்ட் அல்லது அட்ரஸ் சானிடைசர் வேண்டும். வால்கிரைண்டுக்கு முன் அதே சூழல் மாறியை ‘மால்லாக்’ என்று மாற்றிக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் பைமால்லாக் வெட்டும் சின்னத் துண்டுகள் அதன் கண்ணில் தனித்தனியாகப் படாது. வேகம் பல மடங்கு குறையும், பொறுமை வேண்டும். நூலகத்தை மறுபடி கம்பைல் செய்ய முடியும் என்றால் நான் சானிடைசரைத்தான் தேர்ந்தெடுப்பேன். விடுவித்த இடத்தைத் தொட்டால், தொட்டது எங்கே, விடுவித்தது எங்கே, முதலில் ஒதுக்கியது எங்கே என்று மூன்று ஸ்டாக்கையும் (ஃபங்ஷன் அழைப்புகளின் வரிசை) அது அச்சிடும். பெரும்பாலும் நடுவிலுள்ளதைப் படித்தாலே போதும். ஒரே தொல்லை: வழக்கமான பைத்தான் சானிடைசரோடு கம்பைல் செய்யப்பட்டிருக்காது என்பதால் சானிடைசரின் ரன்டைமை முன்கூட்டியே ஏற்ற வேண்டும், கசிவுச் சோதனையையும் அணைத்துவிட வேண்டும், இல்லையென்றால் பைத்தான் முடியும்போது விடுவிக்காமல் விட்டுப்போகும் துண்டுகளைப் பற்றிய புகார்களில் உங்கள் பிழை புதைந்துபோகும்.