சீகை மரத்தை வெட்டினால் போதுமா?

நீலகிரியிலும் பழனி மலையிலும் அரசு வனத்தில், வெளிநாட்டிலிருந்து வந்து புல்வெளியில் பரவும் வாட்டில் எனப்படும் சீகை மரங்களை வெட்ட ஆள் இறங்கினாலே எதிர்ப்புக் கிளம்பும். காட்டைக் காக்க வேண்டியவர்களே கோடாரி எடுக்கலாமா, ஊற்று வற்றாதா, மண் சரியாதா என்பார்கள்.

ஊற்றுப் பயம் தேவையில்லாதது. இந்த மலைகளின் மேல்தட்டு இயல்பிலேயே புல்வெளி. மடிப்புகளில் மட்டும் சோலைக்காடு. நீலகிரியின் கிளென்மார்கனில் புல்வெளியில் கற்பூர மரம் (யூகலிப்டஸ்) நட்டு அளந்து பார்த்ததில், முதல் 10 ஆண்டுகளில் ஓடைக்கு வந்த நீர் 16 சதவீதம் குறைந்தது; புல்லைவிட மரம்தான் அதிக நீர் குடிக்கிறது.

மண்சரிவு அப்படியல்ல. செங்குத்தான சரிவை மழைக்கு முன் மொட்டையடித்தால் மேல்மண் நிச்சயம் போகும். அதைவிடப் பெரிய சிக்கல் மண்ணுக்குள் கிடக்கிறது. சீகை விதையின் ஓடு கடினமானது. 50 ஆண்டு வரைகூட முளைப்புத் திறன் கெடாது. பழைய தோப்பின் அடியில் சதுர மீட்டருக்கு ஆயிரக்கணக்கில் இருக்கும். நிழல் போய்த் தரையில் வெயில் பட்டதும் காலூன்ற இடமில்லாமல் கன்றுகள் கிளம்பும். கழித்த கிளைகளைக் குவித்துக் கொளுத்தினால் இன்னும் மோசம்: சூட்டில் ஓடு வெடித்து, எல்லாம் ஒரே சமயத்தில் முளைக்கும்.

சரிவுகளில் வெட்டுவதைவிடப் பட்டை உரிப்பது நல்லது. இடுப்பு உயரத்திலிருந்து தரைவரை, மரத்தைச் சுற்றி முழுதாக உரிக்க வேண்டும். விரலகலப் பட்டை மிஞ்சினாலும் மரம் பிழைத்துக்கொள்ளும். மண் ஈரமாக இருக்கும் நாட்களில் பட்டை சுலபமாகக் கழன்று வரும். மரம் நின்றபடியே சில மாதங்களில் காயும். வேர் அதுவரை மண்ணைப் பிடித்திருக்கும். கிளை முறிந்து விழும் என்பதால் பாதையோரத்தில் இது ஆகாது. அங்கே மழைக்காலம் முடிந்தபின் தரையை ஒட்டி வெட்டி, தடிகளைச் சரிவுக்குக் குறுக்கே கிடத்தி முளைக்குச்சி அடித்து நிறுத்தலாம்.

அடுத்த மழையில் பக்கத்து மேட்டுப் புல் தூர்களைப் பிரித்து நட வேண்டும். சீகைக் கன்றுகளை ஈர மண்ணில் வேரோடு பிடுங்க வேண்டும். பூக்க இரண்டு, மூன்று ஆண்டே போதும் என்பதால் ஓர் ஆண்டும் விடக்கூடாது. பாதியில் பணம் நின்றுபோனால் முன்பிருந்ததைவிட அடர்ந்த சீகைப் புதர்தான் மிஞ்சும்.

எதிர்ப்பவர்கள் சொல்வது சரியாக இருக்கும் இடமும் உண்டு. சில பழைய தோப்புகளின் நிழலில் சோலை மரக் கன்றுகள் தாமாகவே வளர்கின்றன. அவற்றின் மேல் மரத்தைச் சாய்ப்பது வீண் வேலை. முதலில் கைவைக்க வேண்டியது புல்வெளிக்குள் தனித்தனியாக நுழையும் இளமரங்களில். 1973 முதல் 2017 வரை மேற்குத் தொடர்ச்சி மலையின் உயர்மலைப் புல்வெளியில் 23 சதவீதம் அந்நிய மரங்களிடம் போனது இப்படித்தான். ஆனால் எடைக்கு விலை பேசிக் குத்தகை விட்டால் ஒப்பந்தக்காரர் தோப்புக்குத்தான் போவார். ஓரத்துக் கன்றைப் பிடுங்குவதில் அவருக்கு லாபம் கிடையாது.