சுரைக்குடுக்கைக்குள் ஒரு சரிவு

வாசகர் ஒருவர் கேட்டிருந்தார்: "மெஸ்ஸி பஸ்ஸை விட்டு இறங்கும்போதெல்லாம் கையில் ஒரு சிறு குடுவையும் அதில் செருகிய உலோகக் குழலுமாக வருகிறாரே, அது என்ன? காணொளிகளில் அதே இலையின் மேல் பத்துத் தடவை வெந்நீர் ஊற்றுகிறார்கள். நம் வீட்டில் இரண்டாம் முறை கொதிக்கவைத்த டீத்தூளில் சாயம்கூட இறங்குவதில்லையே, அது மட்டும் எப்படி?"

முதல் கேள்விக்கு விடை எளிது. அது யெர்பா மாத்தே. 2022 உலகக் கோப்பைக்குக் கத்தார் சென்ற அர்ஜென்டினா அணி, சுமார் 500 கிலோ மாத்தே இலையைக் கூடவே கொண்டுபோனது. இரண்டாவது கேள்விதான் என்னைப் பிடித்துக்கொண்டது.

மாத்தே, தேயிலைச் செடிக்கு உறவில்லாத மரம். ஐலெக்ஸ் பராகுவாரியென்சிஸ் என்பது அதன் அறிவியல் பெயர். பராகுவே, வடகிழக்கு அர்ஜென்டினா, தெற்கு பிரேசில் காடுகளுக்கு உரியது. அங்கு வாழும் குவாரனி மக்கள் அந்த இலையை 'கா' என்கிறார்கள். 'மாத்தே' என்ற சொல், குடுவையைக் குறிக்கும் கெச்சுவா மொழிச் சொல்லிலிருந்து வந்தது. குடுவையின் பெயர் பானத்துக்கும் ஒட்டிக்கொண்டது. அந்தக் குடுவை வேறொன்றுமில்லை, நம் கூரையில் படரும் அதே சுரைக்காய்தான். முற்றவிட்டு, காயவைத்து, குடைந்து எடுத்தால் மாத்தே குடுவை.

இந்த மரத்தின் விதைக்கு ஒரு பிடிவாதம் உண்டு. கனி பழுத்து உதிர்ந்த பிறகும் உள்ளே இருக்கும் கரு முழுமையாக வளர்ந்திருக்காது. கெட்டியான ஓட்டுக்குள் மாதக்கணக்கில் மெதுவாக வளர்ந்த பின்னர்தான் முளைக்கும். 17ஆம் நூற்றாண்டில் இயேசு சபைத் துறவிகள் குவாரனி மக்களோடு சேர்ந்து இதை முளைக்கவைக்கக் கற்றுத் தோட்டங்கள் அமைத்தார்கள். 1767இல் ஸ்பானிய அரசு அவர்களை வெளியேற்றியது. தோட்டங்கள் பாழாயின, முளைக்கவைக்கும் அறிவும் அவற்றோடு போயிற்று. அதன் பிறகு நூறாண்டுக்கு மேலாகக் காட்டு மரங்களை வெட்டித்தான் இலை எடுத்தார்கள். 1820களில் பிரெஞ்சு தாவரவியலாளர் எமே போன்பிளான் மாத்தே பயிரிடத் தொடங்கியபோது, பராகுவேயின் சர்வாதிகாரி பிரான்சியா அவரைப் பிடித்து ஏறக்குறைய ஒன்பது ஆண்டுகள் நாட்டைவிட்டுப் போகவிடாமல் வைத்திருந்தார். 1890களில்தான் புவெனஸ் ஐரிஸில் கார்லோஸ் தாய்ஸ் விதைகளை வெந்நீரில் நெடுநேரம் ஊறவைத்து மீண்டும் முளைக்கவைத்தார்.

விதை முளைப்பு, மரக்கன்று வளர்ப்பு போன்ற ஆய்வுகளுக்கு நிதி கேட்டால் "இதனால் என்ன பயன்?" என்று கேட்கும் குழுக்களிடம் இந்தக் கதையைச் சொல்ல வேண்டும் என்று எனக்கு எப்போதும் ஆசை. நீலகிரிச் சோலைக்காடுகளிலும் ஐலெக்ஸ் பேரினத்து மரங்கள் நிற்கின்றன. அவற்றின் விதைகளோடு பல ஆண்டுகள் பொறுமையாக உட்கார்ந்திருக்க ஓர் இளம் ஆய்வாளருக்குச் சம்பளம் கொடுப்பது வீண்செலவே அல்ல.

பதப்படுத்தும் முறையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பறித்த இலையை ஒரு நாளுக்குள் நெருப்பின் மேல் சில நொடிகள் வாட்டுவார்கள். இலையைக் கறுக்கச்செய்யும் நொதிகள் அந்த வெப்பத்தில் செயலிழந்துவிடுகின்றன. பச்சைத் தேயிலை பச்சையாகவே இருப்பதும் இதனால்தான். பிறகு உலர்த்தி, கரகரப்பாக நொறுக்குவார்கள். அர்ஜென்டினாவில் ஓராண்டு, இரண்டாண்டு வரை முதிரவைப்பதும் உண்டு. பிரேசில்காரர்களுக்கு முதிராத பச்சைத் தூள்தான் பிடிக்கும். கடைக்கு வருவது வெறும் இலை அல்ல. இலைத்துண்டு, காம்புத்துண்டு, நுண்தூள் மூன்றும் கலந்த கலவை. இந்தக் கலவையை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

இனி குடுவைக்கு வருவோம். நண்பர் ஒருவர் புவெனஸ் ஐரிஸிலிருந்து வாங்கிவந்த இலையில் நான் முதலில் காபி போடும் பழக்கத்தில் கொதிநீரை ஊற்றிக் கலக்கினேன். முதல் வாய் கடும் கசப்பு, நான்காம் வாய் வெறும் தண்ணீர். பிறகு அவர் செய்துகாட்டினார்.

குடுவையில் முக்கால் பங்குக்குத் தூளை நிரப்பினார். வாயை உள்ளங்கையால் மூடித் தலைகீழாகக் கவிழ்த்துக் குலுக்கினார். ஏன்? மிக்சர் டப்பாவை நினைத்துப் பாருங்கள். எடுத்து எடுத்து வைக்க, பெரிய துண்டுகள் மேலேயும் ஓமப்பொடித் தூள் அடியிலுமாகப் பிரிந்திருக்கும். ஒவ்வொரு குலுக்கலிலும் துண்டுகளுக்கு இடையே சந்து திறக்கிறது. சிறு துகள் அதில் நழுவி இறங்குகிறது. பெரியதால் இறங்க முடிவதில்லை. கவிழ்த்த குடுவையிலும் அதுதான் நடக்கிறது. நுண்தூள் இறங்கி உள்ளங்கையில் சேர்கிறது. நிமிர்த்தும்போது தூள் மேலே, காம்பும் துண்டும் கீழே. குழலின் துளைகள் அடைபடாமல் காக்க இதைவிடச் சிக்கனமான வழி இருக்க முடியாது.

நிமிர்த்தும்போது நேராக நிமிர்த்தக் கூடாது. சாய்த்தே நிமிர்த்த வேண்டும். இலை ஒரு பக்கம் மலைபோல் குவிந்து, எதிர்ப்பக்கம் பள்ளம் விழும். அங்கே இதற்கு 'சிறு மலை' என்றே பெயர். பள்ளத்தில் கொஞ்சம் குளிர்ந்த அல்லது வெதுவெதுப்பான நீரை ஊற்றி ஒரு நிமிடம் விட்டால், அடிவாரத்து இலை ஊறி உப்பி இறுகுகிறது. மலை சரியாமல் தாங்கும் சுவர் அது. இப்போது 'பொம்பிஷா' என்னும் சல்லடை முனைக் குழலைப் பள்ளத்தில் செருகி, அதன் ஓரமாக மட்டும் வெந்நீர் ஊற்ற வேண்டும். மலையுச்சி காய்ந்தே இருக்கும்.

வாசகரின் கேள்விக்கு விடை இந்தக் காய்ந்த உச்சியில்தான் இருக்கிறது. நாம் டீ போடும்போது தூள் முழுவதும் ஒரே நேரத்தில் நனைகிறது. கஃபீன் வெந்நீரில் சுலபமாகக் கரையும், ஆகவே பெரும்பகுதி முதல் வடிப்பிலேயே போய்விடுகிறது. மாத்தேயில் ஒவ்வொரு முறை ஊற்றும்போதும் ஈரத்தின் எல்லை மலையில் சிறிது மேலேறுகிறது. அடியில் சத்து இறங்கிய இலையோடு, இதுவரை நனையாத இலையும் கொஞ்சம் சேர்கிறது. பழையது இழப்பதைப் புதியது ஈடுசெய்கிறது. ஒரு குடுவை இலை ஒரு பிளாஸ்க் வெந்நீரைத் தாங்குவது இப்படித்தான். மேலே பொங்கும் நுரை, இலையில் இருக்கும் சப்போனின்களால் வருவது. பூந்திக்கொட்டை நுரைப்பதும் அதே வகைச் சேர்மத்தால்தான். நுரை அடங்கினால் குழலை மெல்ல எடுத்துக் காய்ந்த பக்கத்தில் செருகி, ஆட்டத்தை மறுபடியும் தொடங்கலாம்.

கஃபீன் என்றேன். "மாத்தேயில் இருப்பது கஃபீன் அல்ல, மாத்தேயின், அது கஃபீனின் கண்ணாடிப் பிம்பம், ஆகவே படபடப்பு வராது" என்று விளம்பரங்கள் சொல்வதுண்டு. இது தவறு, தவறு என்று உரக்கச் சொல்ல வேண்டிய தவறு. கஃபீன் மூலக்கூறின் சட்டகம் தட்டையானது. கண்ணாடித் தாளில் ஒரு கோலம் வரைந்து தாளைப் புரட்டினால் அதன் பிம்பம் கிடைத்துவிடுகிறது அல்லவா? தட்டை மூலக்கூறும் அப்படித்தான். அதற்கு இடக்கை, வலக்கை என்று இரு வடிவங்கள் இருக்கவே முடியாது. மாத்தேயில் இருப்பது காபியில் இருக்கும் அதே கஃபீன்தான், சிறிதளவு தியோபுரோமினும் உண்டு. மூளையில் களைப்பை அறிவிக்கும் அடினோசினின் இடத்தை அடைத்துக்கொண்டு விழிக்கவைப்பதும் அதே வழியில்தான். தூக்கம் வராதவர்கள் விளம்பரத்தை நம்பி மாலையில் குடிக்க வேண்டாம்.

வெப்பத்திலும் கவனம் தேவை. நீர் 70 முதல் 80 டிகிரிக்குள் போதும். கொதிநீர் கசப்பை வாரி இறக்கிவிடும். 65 டிகிரிக்கு மேல் சூடான எந்தப் பானமும் உணவுக்குழாய்ப் புற்றுநோயை உண்டாக்கக்கூடும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2016இல் வகைப்படுத்தியது. அந்தச் சூட்டுக்குக் கீழே குடிக்கும் மாத்தேயை அந்தப் பட்டியலில் சேர்க்கவில்லை. உலோகக் குழல் உதட்டில் ஆறவிடாமல் நீரை நேராக உள்ளே கொண்டுபோகிறது. ஆகவே பொறுமையாக உறிஞ்சுங்கள். பராகுவேக்காரர்களுக்கு இந்தக் கவலையும் இல்லை. அவர்கள் பனிக்கட்டி நீரில், மூலிகைகளை இடித்துச் சேர்த்து 'தெரெரே' குடிக்கிறார்கள். அந்த மரபை யுனெஸ்கோ 2020இல் தன் பண்பாட்டுப் பட்டியலில் சேர்த்தது.

வட்டமாக உட்கார்ந்தவர்களில் ஒருவர்தான் நீர் ஊற்றுவார். முதல் குடுவை அவருக்கு, ஏனென்றால் அதுதான் மிகவும் கசக்கும். பிறகு ஒவ்வொருவருக்காக நிரப்பித் தருவார். வாங்குபவர் முழுவதும் உறிஞ்சிவிட்டு அவரிடமே திருப்பித் தர வேண்டும். குழலைத் தொட்டுக் கிளறக் கூடாது, மலை சரிந்துவிடும். திருப்பித் தரும்போது நன்றி சொன்னால் உங்களுக்குப் போதும் என்று பொருள். இன்னும் வேண்டுமென்றால் ஒன்றும் சொல்லாமல் கொடுங்கள்.