பாட்டி ஏன் மீன் வாங்கப் போகவில்லை

எங்கள் பாட்டி ஞாயிறு காலையில் சிங்கப்பூரின் தேக்கா சந்தைக்குப் போகாமல் இருந்ததில்லை. செவுளைத் தூக்கிப் பார்த்து, கடைக்காரரிடம் நாலு வார்த்தை சண்டை போட்டுத்தான் மீன் வாங்குவார். போன ஆண்டு ஒரு மாதம் போகவே இல்லை. கேட்டால், "கால் உளையுதுப்பா, வயிறு எரியுது" என்பார். பலதுறை மருந்தகத்துக்கு மூன்று முறை அழைத்துப் போனோம். ரத்தப் பரிசோதனை, ஈசிஜி எதிலும் கோளாறில்லை. நான்காம் முறை பார்த்த டாக்டர் வலியை விட்டுவிட்டு, "விடியற்காலை எத்தனை மணிக்கு முழிப்பு வருது பாட்டி? சந்தைக்குப் போக ஆசையா இருக்கா?" என்று கேட்டார். மூன்று மணிக்கு விழிப்பு வருகிறது, ஆசை சுத்தமாக இல்லை. டாக்டர் அதை மனச்சோர்வு என்றார்.

"கவலையா இருக்குன்னு ஒருநாள்கூடச் சொல்லலையே" என்று அம்மா திகைத்துப் போனார். சொல்ல வேண்டும் என்று கட்டாயமில்லை. ஒன்பது அறிகுறிகளில் குறைந்தது ஐந்து, இரண்டு வாரமாவது விடாமல் இருந்து, அன்றாட வாழ்க்கையைப் பாதித்தால் அது நோய் என்கிறது மருத்துவம். அந்த ஐந்தில் ஒன்று சோகமாக இருக்க வேண்டும், அல்லது பிடித்ததில் நாட்டம் போயிருக்க வேண்டும். பாட்டிக்கு இருந்தது இரண்டாவது.

சரி, கால் ஏன் வலித்தது? அது நடிப்பல்ல. மூளையிலிருந்து தண்டுவடத்துக்கு இறங்கும் சில நரம்புகள், கீழிருந்து வரும் வலிச் செய்திகளை அடக்கி அனுப்புகின்றன. அவற்றுக்கு வேண்டிய செரட்டோனின், நார்அட்ரினலின் என்ற மூளை ரசாயனங்கள் மனநிலையைச் சீராக்குவதிலும் பங்கெடுப்பவை. அந்த அடக்கும் வேலை தளர்ந்தால், எழுபது வயது மூட்டின் சாதாரண வலிகூட முழுச் சத்தத்தோடு மேலே வந்துசேரும். அதனால்தான் டுலாக்செட்டின் போன்ற ஒரே மாத்திரையை மனச்சோர்வுக்கும் தருகிறார்கள், நரம்பு வலிக்கும் தருகிறார்கள்.

தாத்தா இறந்த துக்கம் என்றுதான் நாங்கள் முதலில் நினைத்தோம். துக்கம் அலை அலையாக வரும். நடுவில் பழைய கதை பேசிச் சிரிக்கவும் முடியும். மனச்சோர்வில் அந்தச் சிரிப்பு வருவதில்லை, "நான் எதுக்கும் லாயக்கில்லை" என்ற எண்ணம் நாள் முழுக்க உட்கார்ந்துகொள்ளும். மறதியும் சேர்ந்துகொண்டால் 'டிமென்ஷியா', அதாவது முதுமை மறதி நோய் என்று முடிவு கட்டிவிடுகிறோம். மனச்சோர்வால் வரும் மறதி சிகிச்சையில் பெரும்பாலும் குறையும் என்பதால், இந்தக் குழப்பத்தைத் தீர்ப்பது மிக முக்கியம். தைராய்டு குறைபாடும் வைட்டமின் பி12 குறைபாடும் இதே தோற்றம் காட்டும். அவற்றையும் சோதிக்கச் சொல்லிக் கேளுங்கள்.

பதின்ம வயதில் இதே நோய் கோபமாக வருகிறது. கதவைச் சாத்திக்கொள்ளும், எதற்கெடுத்தாலும் எரிந்துவிழும் உயர்நிலை நான்கு பையனை 'ஓ நிலைத் தேர்வு டென்ஷன்' என்று விட்டுவிடுகிறோம். பிள்ளைகளிடம் சோகத்துக்குப் பதில் எரிச்சல் இருந்தாலே அதைக் கணக்கில் எடுக்கலாம் என்று மருத்துவக் கையேடே சொல்கிறது.

பிள்ளை பெற்றவளின் நிலைதான் எனக்கு அதிக வருத்தம் தருவது. பிரசவமான சில நாள்களுக்குள் ஈஸ்ட்ரோஜன், புரொஜெஸ்டிரோன் என்ற ஹார்மோன்கள் சரசரவென்று இறங்கும். பல தாய்மார்கள் முதல் வாரத்தில் காரணமில்லாமல் அழுவார்கள், இரண்டு வாரத்துக்குள் அது தானே அடங்கிவிடும். அடங்காவிட்டால் அது வேறு, பிரசவத்துக்குப் பின் வரும் மனச்சோர்வாக இருக்கலாம். நம் வீடுகளில் பத்தியச் சாப்பாடு, மருந்து, எண்ணெய்க் குளியல் எல்லாம் ஒழுங்காக நடக்கும். ஆனால் அவள் அழுதால், "பச்சை உடம்புக்காரி, அழக்கூடாது" என்று வாயை அடைத்துவிடுவோம். "பிள்ளை மேல பாசமே வரலைக்கா" என்று ஒரு தோழி என்னிடம் கிசுகிசுத்தபோது குழந்தைக்கு ஆறு மாதம். அத்தனை நாளும் தன்னைக் கெட்ட தாய் என்றே நம்பிக்கொண்டிருந்தாள். இதைக் கண்டுபிடிக்க 1987இல் எடின்பரோவில் உருவான பத்துக் கேள்விப் பட்டியல் இருக்கிறது. பதில் சொல்ல ஐந்து நிமிடம் போதும்.

இது அபூர்வ நோயில்லை. மனநலக் கழகத்தின் 2016 ஆய்வின்படி, சிங்கப்பூரில் பெரியவர்கள் 16 பேரில் ஒருவருக்கு வாழ்நாளில் ஒருமுறையாவது இது வந்திருக்கிறது. உயிரை விட்டுவிடலாம் என்ற எண்ணம் வந்தால் எந்நேரமும் 1767 அல்லது 1771 உதவி எண்ணை அழைக்கலாம். போலிஸ் கேஸ் ஆகிவிடும் என்று இன்னும் சிலர் பயப்படுகிறார்கள். தற்கொலை முயற்சி 2020 ஜனவரி முதல் இங்கே குற்றமில்லை.

பாட்டிக்கு மாத்திரை கொடுத்து இரண்டு வாரமாகியும் ஒன்றும் தெரியவில்லை என்று நிறுத்தப் பார்த்தோம். டாக்டர் தடுத்தார். மாத்திரை செரட்டோனினைச் சில மணி நேரத்திலேயே கூட்டிவிடும். மனம் தேறத்தான் வாரக்கணக்காகும். அந்த இடைவெளியில் நரம்புகளின் இணைப்புகள் மெல்ல மாறுகின்றன என்பது இன்றைய விளக்கம். மருந்தோடு பேச்சு சிகிச்சையும் நடந்தது. தினம் ஒரு சிறு வேலை, ஆசை இல்லாவிட்டாலும் செய்ய வேண்டும்.

முதலில் தூக்கம் திரும்பியது. அப்புறம் பசி. "ஒண்ணும் மாறலை" என்று பாட்டி சொல்லிக்கொண்டிருந்த நாள்களிலேயே எங்கள் கண்ணுக்கு மாற்றம் தெரிந்தது. இந்த நோயில் அப்படி நடப்பதுண்டாம். ஏழாவது வாரம் நான் வாங்கி வந்த மீனின் செவுளைத் தூக்கிப் பார்த்து, "இதுக்கா இவ்வளவு காசு கொடுத்தே?" என்று திட்டினார்.