கண்ணாடித் தொட்டியில் தண்ணீர் ஏன் கெடுவதில்லை?

கிழக்குக் கடற்கரைச் சாலையில் உள்ள கடல்வாழ் உயிரினக் காட்சியகத்தைப் பிள்ளைகளோடு பார்த்துவிட்டு வந்த பெரம்பூர் வாசகி ஒருவர் கேட்கிறார்: “காசிமேட்டில் விற்கும் கலவாய் மீனும் பாறை மீனும் அங்கே உயிரோடு நீந்துகின்றன. தின்பதும் கழிப்பதும் அதே தண்ணீரில்தான். பிறகு எப்படி அது கெடாமல் இருக்கிறது?”

எச்சத்தையும் மிஞ்சிய இரையையும் வடிகட்டி பிடித்துவிடும். அது எளிது. பிடிபடாதது அம்மோனியா. கலவாய் போன்ற மீன்கள் அதைச் செவுள் வழியாகவே வெளியேற்றுகின்றன. அது நீரில் கரைந்துவிடுவதால் எந்தச் சல்லடையிலும் நிற்காது. கடல்நீரின் காரத்தன்மையும் சென்னையின் வெப்பமும் சேர்ந்து அதன் நச்சை ஏற்றிவிடுகின்றன.

மீன்களைக் காப்பாற்றுவது தொட்டியின் அடியில் கிடக்கும் சரளைக்கல்தான். ஒரு கல்லை எடுத்து விரலால் தேய்த்தால் வழவழப்பு தட்டுப்படும். அந்த மெல்லிய படலம் முழுக்க நுண்ணுயிர்கள். அவற்றில் ஒரு கூட்டம் அம்மோனியாவை ஆக்சிஜனோடு சேர்த்து நைட்ரைட்டாக்குகிறது. அதில் கிடைக்கும் ஆற்றலைக் கொண்டு, கரைந்திருக்கும் கார்பன் டை ஆக்சைடிலிருந்து தன் உடலையே கட்டிக்கொள்கிறது. வெயில் வேண்டாம், இரை வேண்டாம். நைட்ரைட்டும் நஞ்சுதான். அதை இன்னொரு கூட்டம் நைட்ரேட்டாக மாற்றுகிறது. நைட்ரேட் அவ்வளவு கேடு செய்யாது. அவ்வப்போது கொஞ்சம் தண்ணீரை மாற்றினால் போதும்.

முதல் வேலையைச் செய்பவை பாக்டீரியாக்கள் மட்டுமே என்று நூறாண்டுக்கு மேலாக நம்பியிருந்தார்கள். 2005இல் அந்த நம்பிக்கை உடைந்தது. அமெரிக்காவின் சியாட்டில் மீன் காட்சியகத்தில், வெப்பமண்டலக் கடல்மீன் தொட்டி ஒன்றின் சரளைக்கல்லிலிருந்து ஒரு நுண்ணுயிரைப் பிரித்தெடுத்தார்கள். அது பாக்டீரியாவே அல்ல, ஆர்க்கியா என்ற வேறு பெரும்பிரிவைச் சேர்ந்தது! நீளம் ஒரு மைக்ரோமீட்டர்கூட இல்லை. நைட்ரோசோபுமிலஸ் மாரிட்டிமஸ் என்று பெயரிட்டார்கள். இதன் உறவினங்கள் உலகின் எல்லாப் பெருங்கடல்களிலும் கோடானுகோடியாக இருக்கின்றன. ஆழ்கடலுக்குக் கப்பல் அனுப்பித் தேடியிருக்க வேண்டியது, பிள்ளைகள் வேடிக்கை பார்க்கும் தொட்டியில் கிடைத்தது.

நமக்கும் ஒன்று இருந்தது. 1909இல் மெரினாவில் திறக்கப்பட்ட மீன் காட்சியகம் இரண்டாம் உலகப் போரின்போது மூடப்பட்டது. வங்கக் கடல் உயிரினங்களுக்கென்றே அரசு மீண்டும் ஒன்று கட்ட வேண்டும். கட்டும்போது சுரங்கக் கண்ணாடிக்கும் வண்ண விளக்குக்கும் ஒதுக்குவதில் ஒரு பங்கையாவது நுண்ணோக்கிக்கும் ஆய்வு மாணவர்களின் உதவித்தொகைக்கும் ஒதுக்க வேண்டும் என்பது என் கோரிக்கை.

கொளத்தூரில் வாங்கி வந்த வாஸ்து மீன் சில நாட்களில் செத்துப்போனால், வீட்டுக்கு வரவிருந்த கெடுதலை அது வாங்கிக்கொண்டது என்று ஆறுதல் சொல்கிறார்கள். புதுத் தொட்டியில் இந்த நுண்ணுயிர்கள் பெருக நான்கு முதல் ஆறு வாரம் பிடிக்கும். அதற்குள் மீன்களை நிரப்பினால் பெரும்பாலும் அம்மோனியாதான் கொல்கிறது. நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் நன்னீர்த் தொட்டியிலிருந்து பழைய வடிகட்டிப் பஞ்சு ஒரு துண்டு கேட்டு வாங்கிப் போடுங்கள். அதைக் குழாய்த் தண்ணீரில் கழுவ வேண்டாம். அதில் குடியிருக்கும் நுண்ணுயிர்களைக் குளோரின் கொன்றுவிடும்.